மூலையா... எழுத்தா?

“அந்த முத்துக்கிருஷ்ணன் ஒரு தலைக்கனம் பிடிச்ச கிழவர். அவ்வளவுதான்!”

ஜீப்பின் முன்சீட்டில் இருந்தவன் போனில் இங்கிலீஷில்தான் சொன்னான். இந்த ஜீப்புக்குள் யாருக்குப் புரியப்போகிறது என்ற தைரியம். பின்னால் மூட்டைகளுக்கும் முழங்கால்களுக்கும் நடுவே நசுங்கிக்கொண்டிருந்த பவதாரணிக்குச் சுருக்கென்றது.

முத்துக்கிருஷ்ணன் அவளுடைய அப்பா. சிலமலையில் நெல்லும் வாழையும் போடுகிறவர், குரங்கணிக்கு மேலே சரிவில் கொஞ்சம் காப்பியும் ஏலமும் வைத்திருக்கிறவர். அவரைத் திட்ட இவன் யார்?

போடியிலிருந்து குரங்கணிக்கு ஏறும் ஜீப்பு அது. ஐப்பசி மழை தார்ப்பாயில் தடதடவென்று கொட்டிக்கொண்டிருந்தது. காப்பித் தோட்டத்தில் இருக்கும் அப்பாவுக்குச் சோறு கொண்டு போகிறேன் என்று அம்மாவிடம் கெஞ்சிக் கிளம்பியிருந்தாள். ஐதராபாத்திலிருந்து லீவில் வந்தவளுக்கு மலை ஏறாமல் லீவு லீவாகவே இருக்காது...

முன்சீட்டுக்காரன் நிறுத்தவில்லை.

“என்சைமுக்கு எழுத்து முக்கியமில்லையாம். கடத்து ஆர்.என்.ஏ.வோட மடிப்பைத் தொட்டுப் பார்த்தே அடையாளம் கண்டுபிடிச்சிருமாம். மூலையைத் தடவினா போதுமாம்! நான் ஒத்த எழுத்தை மாத்தினேன், என்சைம் கிட்டக்கூட வரல. அதுக்கு அந்த முத்துக்கிருஷ்ணன் என்ன பதில்... ஹலோ? ஹலோ?”

சிக்னல் போய்விட்டது.

பவதாரணிக்கோ சூடு தலைக்கு ஏறிவிட்டது. அவன் திட்டியது அப்பாவை இல்லை. அவளை!

பாஸ்போர்ட் எடுத்த நாளிலேயே அப்பா பெயர் அவளுக்குக் கடைசிப் பெயராகிவிட்டது. ஆராய்ச்சிக் கட்டுரைகளில் அவள் ‘பி. முத்துக்கிருஷ்ணன்’. அவள் முடிவை மறுத்து எழுதியிருந்தது உலகத்திலேயே ஒரே ஒரு ஆள்... பெங்களூரில் இருக்கும் பி. சத்தியநேசன். அவள் மனசுக்குள் அந்தச் சத்தியநேசனுக்கு வழுக்கை உண்டு, தொப்பை உண்டு, மூக்கு நுனியில் கண்ணாடி உண்டு. இந்த ஜீப்பில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு மூன்றுமே இல்லையே... அவருடைய மாணவனோ?

“ஏங்க.”

அவன் திரும்பினான்.

புருவத்தில் ஒட்டியிருந்த மழைத்துளி. அதற்குக் கீழே சட்டென்று விரிந்த கண்கள்... பொய் சொல்ல வராத கண்கள் என்று ஏனோ தோன்றியது. அப்படித் தோன்றியதே அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

“அந்த ஒத்த எழுத்து எந்த எழுத்துன்னு பார்த்தீங்களா? மூலையைச் சேர்த்துப் பிடிச்சிருக்கிற எழுத்து. அதை மாத்தினா மூலையே பிரிஞ்சு போகும். மூலை பிரிஞ்சா என்சைம் எப்படி வரும்?”

அவன் சீட்டில் முழுசாகத் திரும்பி உட்கார்ந்தான்.

“நீங்க... நீங்க எப்படி...”

“கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க.”

“மூலை பிரியலைன்னா? அந்த எழுத்தையேதான் என்சைம் படிக்குதுன்னா?”

“படிக்குறதுக்கு அது என்ன பேப்பரா!”

மூட்டைமேல் சாய்ந்திருந்த ஒச்சம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஏலக்காய் எடுக்க மலைக்குப் போகிறவள்; ஒரு சண்டையையும் தவறவிடாதவள்.

“என்னத்தா... மூலை மூலைங்கிற? வடக்கு மூலையா? எல்லைக்கல்லைப் பிடுங்கிப்புட்டானா?”

“ஆத்தா, இது நெலத் தகராறு இல்ல” என்றார் டிரைவர் பால்ராஜ், வளைவில் ஸ்டீயரிங்கை ஒடித்தபடி. “படிச்சவுக தகராறு.”

“அது இன்னும் மோசமாச்சே!”

ஜீப்பு முழுக்கச் சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் பால்ராஜ் பிரேக்கை மிதித்தார். அடுத்த வளைவில் ஒரு மரம் ரோட்டுக்குக் குறுக்கே படுத்திருந்தது.

“எறங்குங்க, எறங்குங்க. மரத்தை வெட்டிப் போட்டுட்டுத்தான் போகணும். அந்தா டீக்கடையில ஒதுங்குங்க, வெரசா!”

தகரக் கூரை. அதன் நுனியிலிருந்து சரம் சரமாக மழை. உள்ளே அடுப்புப் புகையும் டீத்தூள் வாசனையும். ஒச்சம்மாள் இருவருக்கும் நடுவே உட்கார்ந்துகொண்டாள், நடுவர் மாதிரி.

“இப்ப வெவரமாச் சொல்லுங்க. என்னதான் அது?”

“நம்ம ஒடம்புல இருக்குற ஒரு இழை ஆத்தா” என்று அவன் ஆரம்பித்தான். “கண்ணுக்குத் தெரியாது. எழுத்தெழுத்தா கோத்த மாலை மாதிரி. ஒடம்புக்குப் புரதம் கட்டுறதுக்கு ஒவ்வொரு கல்லா தூக்கிட்டு வந்து கொடுக்குற ஆளு. நாலே வகை எழுத்து, அதை வரிசையா...”

“வரிசையா மட்டும் இருந்தா அது ஒண்ணுக்கும் ஆகாது” என்று பவதாரணி குறுக்கே விழுந்தாள். கையை முழங்கையில் மடக்கி நீட்டினாள். “இப்படி மடங்கணும் ஆத்தா. இந்த முனையில கல்லு. இந்த முனையில எங்க வைக்கணுங்கிற அடையாளம். நடுவுல முழங்கை. ரெண்டு வளையம் வந்து இந்த முழங்கையில ஒண்ணையொண்ணு கோத்துக்கிட்டு நிக்கும். அதைத்தான் மூலைங்கிறேன்.”

“சரி...”

“அந்த ஆளு வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி ஒரு என்சைம் அவன் மேல சின்னதா ஒரு குறி போடணும். ஆனா செல்லுக்குள்ள இந்த மாதிரி இழைக கூட்டங் கூட்டமா கெடக்கு. கூட்டத்துல இவன்தான் நம்மாளுன்னு அந்த என்சைமுக்கு எப்படித் தெரியுது? அதான் கேள்வி.”

“எழுத்தை வச்சுன்னு நான் சொல்றேன்” என்றான் அவன்.

“மடிப்பை வச்சுன்னு நான் சொல்றேன்” என்றாள் அவள்.

ஒச்சம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “நல்லாச் சண்டை போடுதீக. பேரு என்ன ரெண்டு பேருக்கும்?”

“பிரேம்சிங். போடி பஜார்ல ஏலக்கா வியாபாரம் பண்றாருல்ல சத்தியநேசன்... அவர் மகன். பெங்களூர்ல இருந்து லீவுல வந்தேன், மலையில காய் பார்த்துட்டு வான்னு அனுப்பினார்.”

பவதாரணி டீ கிளாஸைக் கீழே வைத்தாள். பி. சத்தியநேசன்! வழுக்கையும் தொப்பையும் ஒரு நொடியில் காணாமல் போயின. பெங்களூர்க் கிழவர் என்று எவரைத் திட்டித் தீர்த்தாளோ, அவர் இதே ஊர்... இதே தண்ணி... அவள் அப்பா ஏலக்காய் போடுகிற அதே கடை.

“நீயி ஆத்தா?”

“பவதாரணி. சிலமலை.” கொஞ்சம் நிறுத்தினாள். நிறுத்தியதில் ஒரு சுகம் இருந்தது. “முத்துக்கிருஷ்ணன் எங்கப்பா பேரு.”

பிரேம்சிங் எழுந்தே விட்டான். கூரை நுனியில் போய் நின்றான்; மழையில் பாதி முதுகு நனைந்தது கூட அவனுக்குத் தெரியவில்லை.

“அப்போ... அந்தத் தலைக்கனம் பிடிச்ச கிழவர்...”

“நான்தான்.”

“ஐயோ!”

அவன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். விரல் இடுக்கில் ஒரு கண் மட்டும் எட்டிப் பார்த்தது. அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது... அடக்கினாள். சிரித்துவிட்டால் தோற்றதாகிவிடுமே!

“மன்னிப்பெல்லாம் வேண்டாம்” என்றாள். “ஒண்ணு சொல்லுங்க. மூலையில ஜியும் சியும்னு ரெண்டு எழுத்து ஒண்ணையொண்ணு பிடிச்சிருக்கு. நீங்க ஜியை மட்டும் மாத்தினீங்க, பிடி விட்டுப்போச்சு. ரெண்டையும் சேர்த்து மாத்திப் பார்த்தீங்களா? ஜி இருந்த இடத்துல சி, சி இருந்த இடத்துல ஜி. எழுத்து ரெண்டும் வேற... ஆனா பிடி அதே பிடி.”

அவன் முகத்திலிருந்து கையை எடுத்தான்.

“...இல்ல.”

அந்த ‘இல்ல’வைச் சொல்லும்போது அவன் கண்ணைத் தாழ்த்தவில்லை. மழுப்பவும் இல்லை. பெரிய பெரிய விஞ்ஞானிகள் எல்லாம் இந்த இடத்தில் எப்படி நெளிவார்கள் என்று அவள் பார்த்திருக்கிறாள்.

“செஞ்சு பார்க்குறேன். நான் சொன்னது தப்புன்னு வந்தா, நானே உங்க முன்னால வந்து சொல்றேன்.”

“சரின்னு வந்தா?”

“அப்பவும் வருவேன்” என்றான். “அப்ப இன்னும் வெரசா வருவேன்!”

மரம் வெட்டி முடிந்தது. குரங்கணியில் அப்பா குடையோடு நின்றிருந்தார். சோற்றுத் தூக்கை அவர் கையில் கொடுத்துவிட்டு, எதற்கோ திரும்புவது போலத் திரும்பினாள். ஜீப்பின் முன்சீட்டிலிருந்து இரண்டு கண்கள் அதே வேலையைச் செய்துகொண்டிருந்தன...

ஐதராபாத் திரும்பிய பிறகு பிரேம்சிங்கின் செய்திகளால் போன் அடிக்கடி துடித்தது.

‘மாத்தின ஆர்.என்.ஏ.வுக்கு ஏற்பாடு பண்ணியாச்சு.’

‘நல்லது.’

‘நல்லது மட்டும்தானா? கிழவருக்கு இவ்வளவு கஞ்சத்தனமா?’

‘கிழவர் சோலியா இருக்கார்.’

அப்படித் தொடங்கியது, எங்கெங்கோ போனது. அவனுக்கு ஏலக்காய் டீ பிடிக்காது. கடைக்காரன் பிள்ளைக்கு மூக்கே மரத்துப் போயிற்றாம். அவளுக்கு ஆராய்ச்சிக்கூடத்துக் குளிர் பிடிக்காது. கிறிஸ்துமஸ் ராத்திரி சர்ச்சில் பாடிய பாட்டை அவன் பதிவு செய்து அனுப்பினான், சுருதி சேரவில்லை. அவள் அதை எத்தனை தடவை கேட்டாள் என்பது அவள் காதுக்கு மட்டும்தான் தெரியும்.

தை பிறந்தது. சட்டென்று எல்லாம் நின்றது.

ஒரு வார்த்தை இல்லை. பொங்கல் வாழ்த்துக்குக் கூடப் பதில் இல்லை. பவதாரணிக்குப் புரிந்தது... முடிவு வந்துவிட்டது. அவன் தோற்றுவிட்டான்.

தோற்றால் பேசக்கூடாதா? நான் என்ன, ஊர் கூட்டிச் சிரிக்கவா போகிறேன்? போனை எடுப்பாள். பெயரைப் பார்ப்பாள். வைத்துவிடுவாள். அவரே வந்து சொல்கிறேன் என்றாரே... வரட்டும். நானாக ஏன் கேட்க வேண்டும்?

“நீயே செஞ்சு பார்த்திரேன் பவதாரணி” என்றார் அவளுடைய வழிகாட்டி. “உனக்கு இது பெரிய வேலையா?”

“இல்ல மேடம். கேள்வியை அவர்கிட்ட கொடுத்துட்டேன். அவர் கையாலதான் பதில் வரணும்.”

சொல்லும்போது தலை நிமிர்ந்துதான் இருந்தது. அறைக்குத் திரும்பி வந்து, கதவைச் சாத்தி, அந்தச் சுருதி சேராத பாட்டைப் போட்டபோது கண் நிறைந்தது. அட, இது என்ன... பிரிந்த மூலைக்காக நான் அழுகிறேனா? இல்லையே... அந்தக் குரலுக்குத்தானே அழுகிறேன்!

அம்மா மகாராணி போனில் வரன் வரனாகச் சொன்னாள். “தேவாரத்துப் பையன், பேங்க்ல இருக்காரு. என்னடி சொல்ற?” பவதாரணி ஒவ்வொருவருக்கும் ஒரு குறை கண்டுபிடித்தாள். பெரிய குறை ஒன்றுதான். அவர்கள் யாரும் அவளோடு சண்டை போட மாட்டார்கள்.

பங்குனியில் போடியில் அவள் படித்த கல்லூரியிலிருந்து அழைப்பு வந்தது. அறிவியல் விழா, தமிழில் பேச வேண்டும். அப்பா புதுச் சட்டை தைத்துக்கொண்டார். அம்மா முதல் வரிசையில் இடம் பிடித்தாள். அதே வரிசையில், பரிசுப் பொருள்களுக்குக் கொடை கொடுத்தவர் என்று பொன்னாடை போர்த்தி உட்கார வைத்திருந்தார்கள் ஒருவரை... வெள்ளை வேட்டி, கம்பீரமான மீசை. சத்தியநேசன்.

பவதாரணி பேசினாள். அவள் பிறந்த மண்ணில், அவள் மொழியில், அத்தனை பேர் முன்னால். காகிதத்தில் தட்டையாக வரைந்தால் அந்த இழை வெறும் இலை போலத்தான் இருக்கும், மடங்கி நிமிர்ந்தால்தான் அதற்கு வேலை வரும் என்றாள். கூட்டத்துக்குள் ஓர் என்சைம் தன் ஆளை எப்படி அடையாளம் காண்கிறது என்பதை, கையை மடக்கிக் காட்டியே சொன்னாள். கடைசி பெஞ்சுப் பிள்ளைகள் கூடக் கையை மடக்கிப் பார்த்துக்கொண்டார்கள். கைதட்டல் எழுந்தபோது அப்பா தட்டவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை போதும் அவளுக்கு, ஏழு ஜென்மத்துக்கு.

“கேள்வி இருந்தா கேக்கலாம்.”

பின்வரிசையில் ஒருவன் எழுந்தான்.

மெலிந்திருந்தான். சவரம் செய்யாத கன்னம். ஆனால் அந்தக் கண்கள்...

“கேள்வி இல்ல. ஒரு பதில்” என்றான் பிரேம்சிங். “இவங்க சொல்றது தப்புன்னு நான் எழுதியிருந்தேன். மூலையில இருக்குற ஒத்த எழுத்தைத்தான் என்சைம் படிக்குதுன்னு சொன்னேன். ரெண்டு எழுத்தையும் சேர்த்து மாத்திப் பாருங்கன்னு இவங்க சொன்னாங்க. மாத்தினேன். எழுத்து போச்சு... மடிப்பு திரும்பி வந்துச்சு. என்சைமும் திரும்பி வந்துச்சு. நான் எழுதினது தப்பு. என் கட்டுரையை நானே திருத்தி, இன்னைக்குக் காலையில வெளியிட்டுட்டேன். இதை இவங்க முன்னால நின்னு சொல்லணும்னு வந்தேன்.”

முன்வரிசையில் சத்தியநேசனின் முகம் சிவந்து கறுத்தது. பொன்னாடையை உருவி மடியில் போட்டார்.

“ஏலே பிரேமு! இத்தனை பேருக்கு முன்னாலயா? கடை வச்சிருக்கிறவன் மகன் சபையில தப்புன்னு சொல்லலாமாலே?”

யாரும் எதிர்பார்க்கவில்லை. முத்துக்கிருஷ்ணன் எழுந்தார். சபையில் எழுந்து பேசிப் பழக்கமில்லாதவர். நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டார்.

“முதலாளி... எனக்கு என் மக பேசினதுல பாதி வெளங்கல. உங்க மகன் பேசினது முழுசா வெளங்குச்சு. இப்படிச் சொல்றதுக்கு எத்தனை ஆம்பளைக்கு நெஞ்சு இருக்கு? நான் உங்க எடத்துல இருந்தா மீசையை இன்னுங் கொஞ்சம் முறுக்கிவிடுவேன்.”

சத்தியநேசன் அவரைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். கை மெல்ல மெல்ல மீசைக்குப் போனது. முதலில் கைதட்டியது யாரென்று தெரியாது; பிறகு கூரை அதிர்ந்தது.

மேடையில் நின்றிருந்த பவதாரணியும் கைதட்டினாள். ஜெயித்தது அவள்தான். ஆனால் இப்போது நெஞ்சை நிரப்பிக்கொண்டு ஏறுகிற பெருமை அந்த ஜெயத்தின் பெருமை இல்லை. இவன் எங்க ஊர்க்காரன்... என்று கத்த வேண்டும் போலிருந்தது. எங்க ஊர்க்காரன் என்று நிறுத்திக்கொள்ளவும் மனசு வரவில்லை.

கோடை மழை பிடித்துக்கொண்டது. கல்லூரியின் சைக்கிள் கொட்டகையில் அவன் தனியாக நின்றிருந்தான். அவள் தலையில் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு ஓடி வந்தாள்.

“ரெண்டு மாசம்!” மூச்சு வாங்கியது. “ஒரு வார்த்தை சொன்னீங்களா நீங்க?”

“முதல் தடவை முடிவு வந்தப்ப நம்பல. மறுபடி செஞ்சேன். மறுபடியும் அதே. உண்மையைச் சொல்லட்டுமா... ஒரு தடவையாவது நான் ஜெயிக்கணும்னு செஞ்சேன். தோத்தவனா உங்க முன்னால வந்து நிக்க எனக்குப் பிடிக்கல.”

“என்ன வீம்பு இது?”

“உங்களுக்கு இல்லையா? நீங்க ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?”

அவள் கொட்டகைத் தூணைச் சுரண்டினாள்.

“இன்னொண்ணு” என்றான் மெதுவாக. “முழுசா ஜெயிச்சிட்டதா நெனைக்காதீங்க. மாத்தின இழையில என்சைம் வேலை செய்யுது... ஆனா கொஞ்சம் மெதுவா. எழுத்துக்கும் ஏதோ ஒரு பங்கு இருக்கு. அது என்னன்னு எனக்குத் தெரியல.”

அவள் கண்கள் பளிச்சென்று விரிந்தன. “எவ்வளவு மெதுவா? இழை மடங்கி நிக்க மக்னீசியம் வேணுமே, அதோட அளவை மாத்திப் பார்த்தீங்களா?”

“பார்த்தீங்களா, உடனே சண்டைக்கு வர்றீங்க!”

இருவரும் சிரித்தார்கள். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான், சொல்லாமல் விட்டான். மறுபடி எடுத்தான். சபை நடுவே நின்று அத்தனை தெளிவாகப் பேசியவனுக்கு இப்போது நாக்கு ஒட்டிக்கொண்டது.

முதலில் சொல்வது தன் வழக்கமில்லை என்று பவதாரணிக்குத் தெரியும். யாரிடமும், எதிலும் அவள் முதலில் இறங்கி வந்ததில்லை. ஆனால் இன்று ஒருவன் ஊர் பார்க்க இறங்கி நின்றதையும், இறங்கி நின்றபோதுதான் அவன் எவ்வளவு உயரம் என்று தெரிந்ததையும் பார்த்துவிட்டாளே...

“பிரேம்.”

அவன் நிமிர்ந்தான்.

“எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. இப்ப மேடைக்கு முன்னால நின்னீங்களே, அதனால மட்டும் இல்ல. நீங்க பேசாம இருந்த நாளெல்லாம் எனக்குச் சோறு இறங்கல. போதுமா?”

அவன் முகத்தில் ஓடியதை எந்த வார்த்தையிலும் பிடிக்க முடியாது.

“பவா... உங்க வீட்ல கோயில். எங்க வீட்ல சர்ச்சு. அப்பாவை இன்னைக்குப் பார்த்தீங்கள்ல? ரெண்டு வீட்லயும் பெரிய சண்டை வரும்.”

“வரட்டும்.” அவள் தலையை நிமிர்த்தினாள். “சண்டை போட நம்மளவிடத் தெரிஞ்சவுக யாரு இருக்கா?”

கொட்டகைக்கு வெளியே, ஒரே குடைக்குள் தோளும் தோளும் இடிக்க, இரண்டு அப்பாக்களும் இந்தப் பக்கமாகத்தான் வந்துகொண்டிருந்தார்கள். பிரேம்சிங் சட்டென்று ஓரடி விலகினான். அவள் விலகவில்லை. எட்டி அவன் கையைப் பிடித்தாள். விரலோடு விரல் கோத்தாள்.

“விடு, பார்க்கிறாங்க...” என்றான் அவன் கிசுகிசுப்பாக.

“பார்க்கட்டும்” என்றாள் பவதாரணி.

ஒரு நொடி... இரண்டு நொடி... பிறகு அவன் விரல்களும் இறுகின. “எனக்கும்” என்றான். “அந்த ஜீப்புல நீ ‘ஏங்க’ன்னு கூப்பிட்ட நிமிஷத்துல இருந்தே.”